மணல்மேட்டில் மணமக்கள்

திண்டுக்கல் சமவெளியில் கல்யாணத்துக்கு முன்போ பின்போ மணமக்களை வெளியூர் அழைத்துப்போய்ப் படம் எடுக்கும் வழக்கம் வேரூன்றிவிட்டது. பேச்சுவழக்கில் இதற்கு ‘அவுட்டோர்’ என்று பெயர். அகரம், தாடிக்கொம்பு, வேடசந்தூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்குக் கொடைக்கானலும் சிறுமலையும் வைகை அணையும் பழகிய இடங்கள். அந்த வரிசையில் அண்மைக் காலமாக மணல்வெளியும் சேர்ந்திருக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காட்டுக்கும் ராமேசுவரம் தீவின் தனுஷ்கோடிக்கும் போகிறார்கள். வசதி உள்ளவர்கள் ராஜஸ்தானின் ஜெய்சால்மர் வரை போகிறார்கள். சுற்றிலும் பாறையும் தோட்டமும் குடகனாற்றுப் படுகையுமாக இருக்கும் ஊர்க்காரர்கள், நாள் முழுக்கப் பயணம் செய்து மணலைத் தேடிப்போவதற்கு ஒரு நீண்ட முன்கதை உண்டு.

படமெடுக்கும் கலை 1839இல் பாரிசில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. பதினேழே ஆண்டுகளில், 1856இல், சென்னையில் மதராஸ் புகைப்படச் சங்கம் தொடங்கியது. தொடக்கத்தில் அது வெள்ளை அதிகாரிகளின் கலை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்டூடியோக்கள் பெருகத் தொடங்கின. பிறகு சிற்றூர்க் குடும்பங்களும் அங்கே போய் உட்கார்ந்தன. மின்விளக்கு பரவாத நாளில் ஸ்டூடியோவுக்குக் கண்ணாடி பதித்த கூரையோ அகன்ற சன்னலோ வேண்டியிருந்தது. வெயில்தான் விளக்கு. கண்ணாடித் தட்டில் உருவம் பதிய நேரம் பிடித்ததால், அசையாமல் இருக்க வேண்டும். சிரிப்பு கலைந்துவிடும் என்பதால் சிரிக்கவும் மாட்டார்கள். பழைய கல்யாணப் படங்களின் இறுக்கமான முகங்களுக்கு இதுவும் ஒரு காரணம். மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பெண் அதன் முதுகில் கைவைத்து நின்றிருப்பாள். பக்கத்தில் உயரமான ஸ்டூலில் ஒரு பூச்சாடி.

அவர்களுக்குப் பின்னால் தொங்கிய திரைதான் இந்த வரலாற்றில் முக்கியமானது. மாளிகைத் தூண்கள், வளைந்த மாடிப்படி, தாமரைக் குளம், தென்னஞ்சோலை, தொலைவில் மலை என்று ஓவியர்கள் துணியில் தீட்டித் தந்தார்கள். அந்த மாளிகையிலோ குளக்கரையிலோ மணமக்கள் ஒருநாளும் நின்றதில்லை என்பது பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அந்தத் திரை வேண்டும் என்றே கேட்டு நின்றார்கள். கல்யாணப் படத்துக்கு இடம் தேர்ந்தெடுக்கும் பழக்கம் அங்கேயே பிறந்துவிட்டது. இடம் துணியில் இருந்தது என்பது மட்டுமே வேறுபாடு. 1880 முதல் 1980 வரையிலான தமிழகத்து ஸ்டூடியோப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தேடி மின்வடிவில் சேமித்திருக்கிறது. எத்தனையோ ஸ்டூடியோக்கள் மூடப்பட்டுக் கண்ணாடித் தட்டுகள் பழைய இரும்புக் கடைக்குப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் நடந்த அரிய பணி அது.

கேமரா ஸ்டூடியோவை விட்டு வெளியேற எளிதில் தூக்கிச் செல்லும் கேமராவும் மலிவான பிலிமும் தேவைப்பட்டன. உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதன் ‘இந்து’ கறுப்பு வெள்ளை பிலிம் சிற்றூர் ஸ்டூடியோக்கள் வரை வந்து சேர்ந்தது. போட்டோகிராபர் கல்யாண வீட்டுக்கே வந்து, தாலி கட்டுவதையும் பந்தியையும் எடுத்தார். மணமக்களை மட்டும் தனியே நிறுத்தி எடுக்கும்போது தென்னந்தோப்போ வாழைத்தோட்டமோ பின்னணியானது.

அடுத்த உந்துதல் சினிமாவிலிருந்து வந்தது. 1977இல் வெளியான ‘16 வயதினிலே’ படப்பிடிப்பை அரங்கிலிருந்து கிராமத்துக்கு அழைத்துப்போனது. காதலர்கள் வயலிலும் ஆற்றங்கரையிலும் பாடி ஆடுவதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை, தன் கல்யாணத்துக்கும் அந்த வெளிச்சத்தையே விரும்பியது. எண்பதுகளில் கலர் பிலிமும் வீடியோவும் வந்தபோது, திண்டுக்கல் பக்கத்து மணமக்கள் கல்யாணம் முடிந்த மறுவாரம் கொடைக்கானல் ஏரிக்கோ, 1959இல் திறக்கப்பட்ட வைகை அணையின் பூங்காவுக்கோ போய்வந்தார்கள். பின்னணியில் சினிமாப் பாட்டு ஓடும் அந்த வீடியோக்கள் இன்றும் பல வீடுகளில் உண்டு. மணல்வெளிக் காட்சியையும் சினிமாவே காட்டிக்கொடுத்தது: 2000இல் வந்த ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ படத்தில் ஒரு காதல் பாட்டு எகிப்தின் பிரமிடுகளைச் சுற்றிப் படமாக்கப்பட்டது. டிஜிட்டல் கேமரா பரவி, பிலிம் செலவு ஒழிந்தபின், ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கில் எடுத்துத் தேர்ந்தெடுக்க முடிந்தது. தொலைதூரப் பயணம் அதன் பிறகே கட்டுப்படியானது.

தமிழ் மரபை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பான ஒன்று உண்டு. சங்கத் திணை மரபில் பாலைக்கு உரியது பிரிவு. கடற்கரையான நெய்தலுக்கு உரியது இரங்கல். கூடலுக்குரிய நிலம் குறிஞ்சி. அந்தக் கணக்கில் கொடைக்கானல்தான் பொருத்தமான இடம். மணல்வெளி காதலர் பிரிந்து வாடும் இடம். முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு கெட்டுப் பாலையாகும் என்கிறது சிலப்பதிகாரம். பாலைக்குத் தனி நிலமே கிடையாது என்பது பழைய கொள்கை. இன்றைய மணமக்கள் அந்தப் பிரிவு நிலத்தில் கைகோத்து நிற்கிறார்கள். இரண்டு பேரைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாத வெறுமையை அவர்கள் தேடுகிறார்கள். வீடும் மண்டபமும் உறவுக்கூட்டத்தால் நிரம்பும் தமிழ்க் கல்யாணத்தில், இருவருக்கு மட்டுமான இடம் வேண்டும் என்பது நியாயமான ஆசைதான்.

தேரிக்காடு உண்மையில் பாலைவனம் அன்று. ஆண்டு மழை 250 மில்லிமீட்டருக்குக் குறைந்த நிலத்தைப் பொதுவாகப் பாலைவனம் என்பார்கள்; தூத்துக்குடி மாவட்டத்தின் சராசரி மழை 600 மில்லிமீட்டரைத் தாண்டும். திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் இடைப்பட்ட பகுதிகளில் மேடுமேடாகக் கிடக்கும் செம்மணலே தேரி. மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்கள் வழியே வீசும் தென்மேற்குக் காற்று, அடிவாரச் செம்மண் சமவெளியைக் கிளறிக் கிழக்கே கொண்டுவந்து குவித்தது என்பது நிலவியலாளர் பலர் ஏற்கும் விளக்கம். மணலின் ஒவ்வொரு துகளின்மேலும் இரும்பு ஆக்சைடு மெல்லிய பூச்சாகப் படிந்திருப்பதால்தான் அந்தச் சிவப்பு. திருநெல்வேலி வரலாற்றை 1881இல் எழுதி வெளியிட்ட கால்டுவெல், தேரியோரத்து இடையன்குடியிலேயே பல்லாண்டு வாழ்ந்தவர். தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகள் பற்றி 1956இல் ஆய்வாளர்கள் சொய்னரும் ஆல்ச்சினும் எழுதிய கட்டுரை, பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வேட்டை மனிதர்கள் இந்த மேடுகளில் தங்கியதைக் காட்டியது. பனையும் உடையும் முந்திரியும் இங்கே வளர்கின்றன. மழைநீரை மணல் உறிஞ்சித் தாழ்ந்த இடங்களில் சுனையாக விடுகிறது. அப்படியொரு சுனையருகே இருக்கிறது அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில். பலருக்கு அவர் குலதெய்வம். படம் எடுக்க வருபவர்கள் வெறுமை என்று நினைக்கும் காட்டுக்குப் பங்குனி உத்திரத்தன்று திரளாக மக்கள் வந்து பொங்கலிடுகிறார்கள்.

தனுஷ்கோடியின் மணல் வெண்மை. 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின், சென்னையிலிருந்து ரயிலில் வந்து, இங்கே கப்பல் ஏறித் தலைமன்னாருக்குப் போனார்கள். 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலும் எழுந்த கடலும் ஊரை அழித்தன. பாம்பனிலிருந்து வந்த ரயில் நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு அலையில் போனது. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு பின்னர் அறிவித்தது. அரிச்சல்முனை வரை சாலை போட்டு 2017இல் திறந்தபின் கார்களே அங்கு போகின்றன. கூரையிழந்த மாதாகோயிலின் பவளக்கல் சுவர்கள் இப்போது மணமக்கள் மிகவும் விரும்பும் பின்னணி. அந்தச் சுவர்களுக்குள் வழிபட்டவர்களின் பிள்ளைகளும் பேரன்களும் ராமேசுவரத்திலும் சுற்றிலும் இன்னும் இருக்கிறார்கள். அங்கே அடக்கமாகப் படமெடுப்பதில் தவறில்லை. இடிந்த சுவரில் ஏறி நின்று எடுப்பது தவறு.

செம்மணலுக்கும் வெண்மணலுக்கும் வேலைமுறை வேறு. வெண்மணல் வெயிலைக் கீழிருந்து முகத்தின்மேல் திருப்பியடிப்பதால் கண்ணுக்குக் கீழுள்ள நிழல் மறையும். ஆனால் கேமரா அந்த மிகை வெளிச்சத்தைக் கண்டு ஏமாந்து முகத்தைக் கறுப்பாக்கிவிடும். வெளிச்ச அளவை ஒரு ஸ்டாப் கூட்டி வைக்க வேண்டும். செம்மணல் முகத்தில் செந்நிறத்தை ஏற்றும். அரக்குப் பட்டு அங்கே மணலோடு கலந்துவிடும், மயில்நீலமும் இலைப்பச்சையும் எடுபடும். மேட்டில் காற்று வரைந்த வரிகள் அழியாமல் இருக்க மணமக்களைப் பின்பக்கமாக ஏற்றிவிடுவது அனுபவசாலிகளின் வழக்கம். ஒரு காலடித் தடம் விழுந்துவிட்டால் அடுத்த காற்றுவரை அந்த மேடு உதவாது. லென்ஸை அங்கே கழற்றி மாட்டக் கூடாது. காலை ஏழரைக்குள்ளும் மாலை நாலரைக்குப் பிறகும்தான் நல்ல வெளிச்சம். ஆவணி முகூர்த்தக்காரர்கள் முன்கூட்டியே படமெடுக்க ஆடியில் கிளம்பினால் தேரியில் மணல்காற்று கண்ணைத் திறக்கவிடாது; அவர்கள் சித்திரையிலேயே முடித்துக்கொள்வது நல்லது.

இரண்டு இடங்களுக்கும் சட்டக் காவல் உண்டு. தேரிக்காட்டைச் சேர்ந்த குதிரைமொழித் தேரி காப்புக்காடு; உள்ளே போய்ப் படமெடுக்க வனத்துறையின் அனுமதி வேண்டும். தனுஷ்கோடியில் சுமார் 525 ஹெக்டேர் பரப்பை 2025 ஜூனில் தமிழ்நாடு அரசு பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. டிரோன் பறக்கவிடுவதற்கு 2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகளும் உண்டு. படமெடுக்கப் போகிறவர்கள் தேதி குறிக்கும் முன்பே வனத்துறை அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ள வேண்டும். கொண்டுபோன புகைக்குப்பியையும் காகிதப் பூவையும் பிளாஸ்டிக்கையும் ஒன்றுவிடாமல் திரும்ப எடுத்து வந்துவிட வேண்டும்.