தத்துப் பிள்ளையும் சட்டமும்: நம் வட்டாரக் கிறிஸ்தவப் பெற்றோர் கடந்து வந்த பாதை

இந்த யூபிலி மலரில் ஆலயம் எழும்பிய வரலாறும், பங்குத்தந்தையரின் வரிசையும், நம் முன்னோரின் தாராளமும் உரிய பக்கங்களில் இடம்பெற்றுள்ளன. நாம் இங்கு எழுத எடுத்துக்கொண்டது அளவில் சிறிய வரலாறு. ஞானஸ்நானப் பதிவேட்டில் 'பெற்றோர்' என்னும் கட்டத்தில் யார் பெயரை எழுதலாம் என்ற கேள்வியின் வரலாறு அது. பிள்ளைச் செல்வம் இல்லாத இல்லங்கள் பல ஆண்டுகள் இக்கேள்வியோடு மல்லுக்கட்டின. கடல் கடந்து வந்த தம்பதியருக்குத் திறந்திருந்த வழி, உள்ளூர்க் கிறிஸ்தவனுக்கு அடைபட்டிருந்த காலமும் உண்டு. இன்றைய இளந்தலைமுறை அதை அறிந்திருத்தல் நலம்.

எடுத்து வளர்த்த மண்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தவர்களுக்குத் தத்தின் மேன்மையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. துளசித் தோட்டத்தில் கண்டெடுத்த பெண் குழந்தையைப் பெரியாழ்வார் தம் மகளாக வளர்த்தார் என்பதும், அவளே ஆண்டாள் என்பதும் சாதி சமய வேறுபாடின்றி இவ்வூரார் அனைவரும் சொல்லக் கேட்டு வளர்ந்த செய்தி. நமக்கோ திருக்குடும்பத்தின் தலைவராகிய சூசையப்பரே வளர்ப்புத் தந்தைதான். ராஜபாளையத்து மில் குடியிருப்புகளிலும், சுற்றுப்பட்டிகளிலும் அண்ணன் பிள்ளையைத் தம்பி வளர்ப்பதும், அக்காள் மகளைத் தங்கை தன் மகளாக்கிக்கொள்வதும் புதுமையன்று. மனம் எல்லாருக்கும் ஒன்றாகவே இருந்தது. சட்டம் மட்டும் ஒன்றாக இல்லை.

1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் இந்துக்களுக்கும், அவர்களோடு சேர்த்து எண்ணப்பட்ட பௌத்தர், சமணர், சீக்கியருக்கும் சுவிகார உரிமையை வழங்கியது. அதிலும் குறை இருந்தது. மணமான பெண் கணவனுக்குச் சம்மதம் தரலாமேயன்றி, தன் பெயரில் தத்தெடுக்க 2010ஆம் ஆண்டுத் திருத்தம் வரை காத்திருக்க நேர்ந்தது. கிறிஸ்தவருக்கும், முஸ்லிம்களுக்கும், பார்சிகளுக்கும் அந்தக் குறைப்பட்ட உரிமையும் இல்லை. அவர்களுக்கு எஞ்சியிருந்தது வெள்ளையர் காலத்து 1890ஆம் ஆண்டின் கார்டியன் சட்டம் ஒன்றே. அதன்படி கோர்ட்டுக்குப் போனால் 'காப்பாளர்' என்ற உத்தரவு கிடைக்கும். பிள்ளை வயதுக்கு வந்ததும் அந்த உத்தரவின் ஆயுள் முடிந்துவிடும். 'தகப்பன்' என்ற சொல்லுக்கு அதில் இடமில்லை.

ஒரே உத்தரவு, இரண்டு முடிவு

1960, 70ஆம் ஆண்டுகளில் நம் நாட்டு அநாதைக் குழந்தைகளை நாடி சுவீடன், ஹாலந்து, அமெரிக்கா முதலிய தேசங்களிலிருந்து தம்பதியர் வந்தார்கள். அவர்களுக்கும் இந்தியாவில் தத்துச் சட்டம் இல்லை. அவர்களும் அதே 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றத்தில் காப்பாளர் உத்தரவு பெற்றார்கள். குழந்தையைத் தங்கள் தேசத்துக்குக் கொண்டுபோய், அங்குள்ள சட்டப்படி தத்தெடுத்தார்கள். அன்று முதல் அக்குழந்தை அவர்களுடைய முழு வாரிசு.

ராஜபாளையத்துக் கத்தோலிக்கத் தம்பதியர் பெற்றதும் அதே உத்தரவுதான். அவர்கள் அதை எடுத்துக்கொண்டு எந்தத் தேசத்துக்குப் போவது? சொந்த நாட்டிலேயே அவர்கள் கடைசிவரை காப்பாளராகவே இருந்தார்கள்.

திருச்சபையின் சட்டமும் இங்கே நாட்டுச் சட்டத்தின் முகத்தையே பார்த்து நிற்கிறது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 110ஆம் விதி, நாட்டுச் சட்டப்படி தத்தெடுக்கப்பட்ட பிள்ளைகளை எடுத்தவர்களின் பிள்ளைகளாகவே கருதச் சொல்கிறது. 877ஆம் விதி, ஞானஸ்நானப் பதிவேட்டில் தத்தெடுத்தோர் பெயரை எழுதச் சொல்கிறது. ஆனால் நாட்டுச் சட்டத்தில் கிறிஸ்தவனுக்குத் தத்தே இல்லையென்றால் குருவானவர்தாம் என்ன செய்வார்?

நாம் அறிந்த ஒரு மில் தொழிலாளியின் இல்லத்தில் அந்தக் கார்டியன் உத்தரவு டிரங்குப் பெட்டியில் வேதாகமத்தோடு வைக்கப்பட்டிருந்தது. மகளுக்கு ஓலை வாசிக்கும் காலம் நெருங்கியபோது தந்தை ஒரு வக்கீலிடம் போய், குடியிருந்த வீட்டை அவள் பெயருக்கு உயில் எழுதி வைத்தார். பெற்ற பிள்ளையென்றால் வாரிசுரிமை தானே வந்து சேரும். இவளுக்கு உயில் வேண்டியிருந்தது. "வளர்த்தது பொய்யா சாமி?" என்று அவர் கேட்டதற்கு நம்மிடம் அன்று பதில் இல்லை.

1984ஆம் ஆண்டுத் தீர்ப்பு

எல்லா மதத்தவருக்கும் பொதுவான தத்துச் சட்டம் வேண்டி 1972இல் ஒரு மசோதா வந்தது. 1978இல் திரும்பப் பெறப்பட்டது. 1980இல் வந்த மசோதாவும் சட்டமாகவில்லை. இதற்கிடையில், வெளிநாட்டுக்குக் குழந்தைகளை அனுப்புவதில் நடந்த முறைகேடுகளைப் பற்றி லட்சுமி காந்த் பாண்டே என்னும் வழக்கறிஞர் 1982இல் உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். 1984 பிப்ரவரியில் நீதிபதி பகவதி வழங்கிய தீர்ப்பு அயல்நாட்டுப் பெற்றோரின் தகுதிக்கு வரம்பு கட்டியது. தங்கள் நாட்டில் அங்கீகாரம் பெற்ற நலச் சங்கம் ஒன்றின் சிபாரிசு வேண்டும். குடும்பநிலை, வருமானம், உடல்நலம் பற்றிய அறிக்கை வேண்டும். முதலில் இந்தியக் குடும்பத்தில் இடம் தேட வேண்டும் என்று விதிகள் பிறந்தன. 1990இல் மத்திய தத்து நிறுவனம் ஏற்பட்டது. 1993ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையை இந்தியா 2003இல் ஏற்றது.

தனிப்பட்ட முறையில் வந்து குழந்தையைக் கொண்டுபோகலாம் என்றிருந்த அயல்நாட்டாருக்கு இது கசந்தது. 'குழந்தை இல்லத்தில் வாடுகிறது, காகிதம் மேசையில் தூங்குகிறது' என்ற மனத்தாங்கலில் நியாயமும் உண்டு. ஆயினும் வெளிநாட்டுக்குத் தத்து அனுப்பப்பட்டவர்களில் பெற்றோரிடமிருந்து திருடப்பட்ட குழந்தைகளும் இருந்தது 2005இல் சென்னையில் வெளிப்பட்டபோது, காவல் ஏன் வேண்டும் என்பது விளங்கிற்று. ஒரு தாயின் கண்ணீரில் இன்னொரு தாய் தொட்டில் கட்டலாகாது.

கதவு திறந்தது

உள்ளூர்க் கிறிஸ்தவனுக்கு வழி திறந்தது சிறார் நீதிச் சட்டத்தால். 1999இல் கேரள உயர் நீதிமன்றம் ஒரு கிறிஸ்தவத் தம்பதியின் தத்தை ஏற்றது. 2000ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2006ஆம் ஆண்டுத் திருத்தமும், எம்மதத்தவரும் ஆதரவற்ற பிள்ளையைத் தத்தெடுத்து முழு உரிமையுள்ள மகனாக, மகளாக ஆக்கிக்கொள்ள இடமளித்தன. 2014இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. டிரங்குப் பெட்டிக்காரரின் கேள்விக்குப் பதில் கிடைக்க இத்தனை காலம் ஆயிற்று.

விதிகள் அதன்பின்னும் மாறிக்கொண்டே வந்தன. 2015 ஆகஸ்டு முதல் எல்லா விண்ணப்பமும் கம்ப்யூட்டர் வழியே ஒரே வரிசையில் நிற்கலாயின. மணமாகாதோரும் மணமுறிவு பெற்றோரும் தத்தெடுப்பதை மறுக்கவியலாத நிலையில், அன்னை தெரேசாவின் சபையினர் தத்து அளிக்கும் பணியையே அவ்வாண்டு விட்டு விலகினர். 2017ஆம் ஆண்டு விதிப்படி நான்கு வயது வரையுள்ள குழந்தையைக் கேட்கும் தம்பதியரின் கூட்டு வயது 90 வரை இருக்கலாம். 2022ஆம் ஆண்டு விதி, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அதை 85 ஆக்கியது. கணவருக்கு 44, மனைவிக்கு 43 என்றால் கூட்டு வயது 87; முன்பு கைக்குழந்தையைக் கேட்கக்கூடிய இவர்களுக்கு இப்போது நடை பழகிய பிள்ளையே கிடைக்கும். இரண்டு பிள்ளைகள் உள்ளவர்களுக்கு, உறவுப் பிள்ளையைத் தவிர, சிறப்புக் கவனம் தேவைப்படும் அல்லது எளிதில் இடம் கிடைக்காத குழந்தையையே தரலாம் என்றும் விதித்தனர். ஏற்கெனவே பதிந்து ஆண்டுக்கணக்கில் காத்திருந்தோர் டெல்லி உயர் நீதிமன்றம் சென்றனர். குறிப்பிட்ட குழந்தைதான் வேண்டுமென்று கேட்பது பெற்றோரின் உரிமையன்று எனவும், புதிய விதி காத்திருப்போரையும் கட்டும் எனவும் 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயிற்று.

2022 செப்டம்பர் முதல் தத்து உத்தரவு தருபவர் கலெக்டர். எனவே நம் மாவட்டத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் மாவட்ட நீதிமன்றத்தின் படியேறிய மனுக்கள் இன்று விருதுநகர் போகின்றன.

நமக்குரிய படிப்பினை

2024-25ஆம் ஆண்டில் இந்தியாவில் நடந்த 4,515 தத்துகளில் 4,155 உள்நாட்டுப் பெற்றோருக்கே. சீனா 2024இல் வெளிநாட்டுத் தத்தை அநேகமாக நிறுத்திவிட்டது. ஹாலந்தும் படிப்படியாக நிறுத்தத் தீர்மானித்துள்ளது. குழந்தையை அதன் மண்ணிலேயே வளர்ப்பதை நோக்கி உலகம் திரும்புகிறது. அப்படியானால் பொறுப்பு நம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. கைக்குழந்தைக்கு வரிசை நீளம். ஐந்து வயது கடந்த பிள்ளைக்கும், உடற்குறையுள்ள பிள்ளைக்கும், பிரிக்கக்கூடாத அண்ணன் தங்கைக்கும் காத்திருப்போர் குறைவு. அவர்களைக் கேட்கும் தைரியம் நம் இல்லங்களில் பிறக்க வேண்டும்.

ஒரு சொல் பங்கு மக்களுக்கு. சட்டம் 'மகள்' என்று எழுதிவிட்டது. தெருவில், கலியாண வீட்டில், கோயில் வாசலில் "எடுத்து வளர்த்த பிள்ளை" என்று கிசுகிசுக்கும் நாவை அடக்க எந்தக் கலெக்டரும் உத்தரவிட முடியாது. அதை நாமே செய்ய வேண்டும்.