திருவுளச் சீட்டிலிருந்து ‘தேங்க்ஸ் எ லாட்’ வரை

கல்லூரியில் முதலாண்டு படிக்கும் மாணவி ஒருத்தி சென்ற மாதம் தன் ஆங்கில விடைத்தாளைக் கொண்டுவந்து காட்டினாள். ‘எ லாட் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் ஆர் ஆப்சென்ட்’ என்று எழுதியிருந்தாள். ‘ஆர்’ அடிக்கப்பட்டு, சிவப்பு மையில் ‘இஸ்’ என்று திருத்தப்பட்டிருந்தது. ‘லாட்’ பெயர்ச்சொல், அதன் முன் ‘எ’ நிற்கிறது, ஆகவே ஒருமை, ஆகவே வினையும் ஒருமை. அவளுக்குச் சொல்லப்பட்ட காரணம் இதுதான். தன் குடும்பத்தில் ஆங்கிலம் படிக்கும் முதல் ஆள் அவள். “எனக்கு இங்கிலீஷ் வராது போல, அக்கா” என்றாள்.

அவள் எழுதியதே சரி. அது ஏன் சரி என்பதை அச்சொல்லின் வரலாறு சொல்லும்.

பழைய ஆங்கிலத்தில் ‘ஹ்லொட்’ என்பது கையில் எடுக்கக்கூடிய ஒரு பொருள். குறியிட்ட மரத்துண்டு போன்றவற்றைக் குலுக்கி எடுத்து, யாருக்கு எது என்று முடிவு செய்தனர். நம் திருவுளச் சீட்டைப் போல. பின்னர், அவ்வாறு ஒருவருக்குக் கிடைத்த பங்கும் அதே சொல்லால் குறிக்கப்பட்டது. பங்காகக் கிடைத்த நிலத்துண்டும் ‘லாட்’ ஆயிற்று. நாம் அன்றாடம் வழங்கும் ‘லாட்டரி’, ‘அலாட்மென்ட்’ ஆகியவையும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. ஏலக்கடையில் சேர்த்து விற்கப்படும் பொருள்தொகுதிக்கும் அப்பெயர் வந்தது. தொகுதி என்ற பொருளிலிருந்து மிகுதி என்ற பொருள் கிளைத்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘எ லாட் ஆஃப்’ என்பது ‘நிறைய’ என்ற பொருளில் வழங்கத் தொடங்கியிருந்தது.

பொருள் மாறியபோது இலக்கணமும் மாறியது. ஏலத்தில் ‘எ லாட் ஆஃப் டென் சேர்ஸ் வாஸ் ஸோல்டு’ என்றால் விற்கப்பட்டது ஒரு தொகுதி. ‘லாட்’ அங்கே தலைமைப் பெயர், ஆகவே வினை ஒருமை. ‘எ லாட் ஆஃப் சேர்ஸ் வேர் ஸோல்டு’ என்றால் விற்கப்பட்டவை நாற்காலிகள்; ‘எ லாட் ஆஃப்’ முழுவதும் ஒன்றுசேர்ந்து அளவு காட்டும் அடையாகிவிட்டது, ஆகவே வினை நாற்காலிகளைப் பின்பற்றிப் பன்மையாகிறது. பேச்சில் அது ‘லாட்டா’ என்று குறுகி ஒலிப்பதும் இவ்விணைப்பைக் காட்டும்.

அடுத்த படியில் ‘ஆஃப்’ என்பதும் உதிர்ந்தது. ‘தேங்க்ஸ் எ லாட்’, ‘எ லாட் பெட்டர்’ என்னும் தொடர்களில் பெயருக்கே வேலையில்லை. அங்கே அது வினையையோ பண்பையோ மிகுவிக்கும் அடை.

இவ்வழியில் வந்த சொற்கள் வேறும் உண்டு. ‘எ கிரேட் டீல்’ என்பதிலுள்ள ‘டீல்’, பங்கு என்னும் பொருளுடைய பழைய சொல். ஜெர்மனின் ‘டைல்’ அதன் உறவு. ‘எ பிட்’ என்பதிலுள்ள ‘பிட்’ கடித்தெடுத்த ஒரு வாய். ‘எ பிட் டயர்ட்’ என்பவர் எதையும் கடிக்கவில்லை. பொருட்சொல் இலக்கணச் சொல்லாக மாறும் இந்நிகழ்வுக்கு 1912இல் பெயரிட்டவர் பிரெஞ்சு மொழியியலாளர் அந்துவான் மெய்யே. பின்னாளில் எலிசபெத் டிராகாட் இத்தகைய ஆங்கில அளவுத் தொடர்களின் வளர்ச்சியை விரிவாக ஆராய்ந்தார்.

தமிழ் படித்தவருக்கு இது வியப்பாக இருக்கவேண்டியதில்லை. ‘கொஞ்சம் அரிசி’ என்கிறோம், ‘கொஞ்சம் நில்’ என்றும் சொல்கிறோம். சால, உறு, தவ, நனி முதலிய மிகுதிச் சொற்களை உரிச்சொல் என வகுத்து, அவை பெயரையும் வினையையும் சார்ந்து வரும் என்று நம் இலக்கணிகள் கண்டனர். சொல்லின் வகையை அதன் வடிவம் மட்டும் தீர்மானிப்பதில்லை. தொடரில் அது செய்யும் தொழிலும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. ‘லாட் என்றால் பெயர்ச்சொல்’ என்று நிறுத்திவிடும் வகுப்பறை, அச்சொல் ஏலக்கடையைத் தாண்டி வந்ததை அறியவில்லை.

நாற்காலி வாக்கியங்கள் இரண்டையும் அவள் விடைத்தாளின் பின்புறத்தில் எழுதிக் கொடுத்தேன். இரண்டு முறை படித்துவிட்டு, “அப்போ ‘எ நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்’ வந்தா ‘ஆர்’, ‘தி நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்’ வந்தா ‘இஸ்’, அப்படித்தானே அக்கா?” என்று கேட்டாள். இதை நான் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. மதிப்பெண் இன்னும் திருத்தப்படவில்லை. தாளை எடுத்துக்கொண்டு ஆசிரியரிடம் தானே போய்ப் பேசப்போவதாகச் சொல்லியிருக்கிறாள்.