சுவரும் சேர்ந்து ஆடிய கால்பந்து: 1978-79 பருவம்

மேஜர் இண்டோர் சாக்கர் லீக் என்பது அரங்குக்குள் மட்டுமே கால்பந்து ஆடுவதற்கென்று அமெரிக்காவில் தோன்றிய தொழில்முறை லீக். அதன் முதல் பருவம் 1978 டிசம்பர் 22 அன்று தொடங்கி மறு ஆண்டு மார்ச்சில் முடிந்தது. ஆடியவை ஆறே அணிகள்: நியூயார்க் ஆரோஸ், பிலடெல்பியா ஃபீவர், சின்சினாட்டி கிட்ஸ், ஹூஸ்டன் சம்மிட், கிளீவ்லாந்து ஃபோர்ஸ், பிட்ஸ்பர்க் ஸ்பிரிட். ஒவ்வோர் அணிக்கும் 24 ஆட்டங்கள்.

இதற்கான விதை ஐந்து குளிர்காலங்களுக்கு முன்பே விழுந்துவிட்டது. 1974 பிப்ரவரி 11 அன்று மாஸ்கோவின் செஞ்சேனை அணி பிலடெல்பியாவுக்கு வந்து, ஸ்பெக்ட்ரம் அரங்கில் பிலடெல்பியா ஆட்டம்ஸ் அணியோடு ஆடியது. ஆட்டம்ஸ் அப்போது திறந்தவெளிக் கால்பந்தில் வட அமெரிக்காவின் நடப்புச் சாம்பியன். சோவியத் அணி 6-3 என்று வென்றது. தோல்வியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை; பேசப்பட்டது கூட்டம்தான். பனி கொட்டும் பிப்ரவரியில், கால்பந்தை அவ்வளவாகக் கண்டுகொள்ளாத ஒரு நாட்டில், 11,790 பேர் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தார்கள். அன்று அதைப் பார்த்தவர்களில் எட் டெப்பரும் ஏர்ல் ஃபோர்மனும் உண்டு. இருவருமே வேறு விளையாட்டுகளில் அணிகளை நடத்தியவர்கள். ஃபோர்மன் கூடைப்பந்து அணி ஒன்றை வைத்திருந்தவர். 1977-இல் இருவரும் சேர்ந்து லீகைத் தொடங்கினார்கள். ஃபோர்மன் அதன் ஆணையர் ஆனார்.

கணக்கு எளிமையானது. அமெரிக்கப் பெருநகரங்களில் ஐஸ் ஹாக்கிக்கும் கூடைப்பந்துக்குமாகக் கட்டிய பெரிய அரங்குகள் இருந்தன. அந்த இரண்டு விளையாட்டும் எல்லா இரவுகளையும் நிரப்புவதில்லை. ஆட்டமில்லாத இரவில் அரங்கு வெறும் செலவு. இன்னொரு பக்கம், கோடையில் மட்டும் நடந்த வட அமெரிக்கக் கால்பந்து லீகின் வீரர்களுக்குக் குளிர்காலம் முழுக்க வேலையில்லை. காலி அரங்கையும் சும்மா இருந்த வீரரையும் சேர்த்துவைத்ததுதான் இந்த லீக். நியூயார்க் ஆரோஸ் பெரும்பாலும் வட அமெரிக்க லீகின் ராச்சஸ்டர் லான்சர்ஸ் அணி வீரர்களால் ஆனது. பயிற்சியாளர் டான் போபோவிச்சும் அங்கிருந்து வந்தவரே. ஹூஸ்டனிலும் கதை அதுதான்: ஹூஸ்டன் ஹரிக்கேன் வீரர்களே சம்மிட் சட்டையை மாட்டிக்கொண்டார்கள். அந்த அணிக்குப் பெயர்கூட ஆடிய அரங்கின் பெயர்தான். உண்மையில் முதலாளி யார் என்பதை அந்தப் பெயரே ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறது.

ஹாக்கி ஆடும் பனித்தளத்தை மூடி, அதன்மேல் செயற்கைப் புல்லைக் கம்பளம்போல் விரித்தால் களம் தயார். ஹாக்கிக் களம் சுமார் 61 மீட்டர் நீளம், 26 மீட்டர் அகலம். வழக்கமான கால்பந்துத் திடலில் கால் பங்குகூட வராது. அதில் கோல்கீப்பரோடு சேர்த்துப் பக்கத்துக்கு ஆறு பேர். பதினைந்து நிமிடங்கள் வீதம் நான்கு பகுதிகள். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, எத்தனை முறை வேண்டுமானாலும் வீரர்களை மாற்றலாம். மோசமான ஃபவுல் செய்தவர் இரண்டு நிமிடம் கூண்டுக்குள் உட்கார வேண்டும். அதுவரை அவருடைய அணி ஓர் ஆள் குறைவோடு ஆடும். இதுவும் ஹாக்கியிடம் வாங்கிய கடன். பந்தின் நிறம் சிவப்பு.

ஆனால் ஆட்டத்தை மாற்றியது இவை எதுவுமில்லை, சுவர். ஹாக்கிக் களத்தைச் சுற்றியிருக்கும் பலகைத் தடுப்பும் அதன்மேல் நிற்கும் கண்ணாடியும் அப்படியே விடப்பட்டன. பந்து வெளியே போவது அபூர்வமாயிற்று. த்ரோ இன்னுக்காகக் காத்திருக்கும் நேரமும் போயிற்று. கேரம் ஆடியவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை: நேர்வழி அடைபட்டிருந்தால் கட்டையில் மோதவிட்டு ரீபவுண்டில் காயை எடுப்பதுபோல, எதிரே நிற்பவரின் பக்கவாட்டில் பந்தைப் பலகையில் தட்டிவிட்டு, மறுபக்கம் ஓடித் தானே அதை வாங்கிக்கொள்ளலாம். கோல் வாயும் அந்தச் சுவருக்குள்ளேயே, 12 அடி அகலமும் ஆறரை அடி உயரமுமாக வெட்டப்பட்டிருந்தது. குறி தப்பிய பந்து கோலுக்குப் பக்கத்துப் பலகையில் இடித்து, மறுபடி கோல்கீப்பரின் முகத்துக்கு முன்னால் வந்து விழும். தப்பிய ஷாட்டும் ஒரு பாஸ் ஆகிவிடும் ஆட்டம் இது. பழைய கால்பந்து ரசிகர்கள் முகம் சுளித்ததில் வியப்பில்லை. ஒரு கோலுக்காக ஒன்றரை மணி நேரம் காத்திருக்கப் பொறுமையில்லாதவர்களுக்கோ இது விருந்து.

முதல் ஆட்டம் லாங் ஐலண்டின் நாசாவ் கொலிசியத்தில், ஆரோஸுக்கும் சின்சினாட்டி கிட்ஸுக்கும் இடையே நடந்தது. தொடக்கப் பந்தை உதைத்தவர் பேஸ்பால் நட்சத்திரம் பீட் ரோஸ். அவர் கிட்ஸ் அணியின் பங்குதாரர்களில் ஒருவர். கால்பந்தைத் தொடங்கிவைக்க ஒரு பேஸ்பால்காரரைத் தேட வேண்டியிருந்தது, அந்நாளில் அமெரிக்காவில் கால்பந்தின் நிலை அது. 10,386 பேர் வந்திருந்தார்கள். ஆரோஸ் 7-2 என்று வென்றது.

அந்த அணியின் ஆட்டத்தை நிர்ணயித்தவர் ஸ்லாவிஷா ஜுங்குல். அமெரிக்கர்கள் வாயில் அவர் ஸ்டீவ் ஜுங்குல். யூகோஸ்லாவியாவின் ஹைடுக் ஸ்ப்ளிட் அணியின் முன்கள வீரர், நாட்டு அணிக்கும் ஆடியவர். 1978 இறுதியில் அமெரிக்கா வந்தவர் ஊர் திரும்பவில்லை. கோபம் கொண்ட யூகோஸ்லாவியத் தரப்பு தடை கோர, ஃபிஃபாவின் குடையின் கீழிருந்த திறந்தவெளிக் கால்பந்து முழுவதும் அவருக்கு மூடிப்போனது. உள்ளரங்கு லீகோ ஃபிஃபாவில் சேராதது. அந்தத் தடை அரங்கின் வாசலோடு நின்றுவிட்டது. திடலில் ஆட முடியாத ஒருவர் கூரையின் கீழ் 18 ஆட்டங்களில் 43 கோல் அடித்தார், பருவத்தின் சிறந்த வீரராகவும் ஆனார். காஸ்மோஸ் அணியில் பெலேயோடு ஆடிய ஷெப் மெஸ்ஸிங் ஆரோஸின் கோலைக் காத்தார்.

புள்ளிப் பட்டியலின் உச்சியில் ஆரோஸ் இல்லை. ஹூஸ்டன் 18 வெற்றி, 6 தோல்வியோடு முதலிடம். சின்சினாட்டிக்கு 17, நியூயார்க்குக்கு 16 வெற்றிகள். ஹூஸ்டனின் பயிற்சியாளர் டிமோ லியெகோஸ்கியும் கோல்கீப்பர் பால் ஹாமண்டும் தத்தம் பிரிவில் பருவத்தின் சிறந்தவர்களாகத் தேர்வானார்கள். பிட்ஸ்பர்க்கும் கிளீவ்லாந்தும் ஆளுக்கு ஐந்து வெற்றியோடு அடியில் கிடந்தன. வென்றதைவிடத் தோற்றது அதிகமான பிலடெல்பியா நான்காவதாகக் கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுக்குள் நுழைந்து, இறுதிவரை போனது. கோலையும் கோலுக்கு உதவிய பாஸையும் சேர்த்த தனிநபர் புள்ளிக் கணக்கில் முதலிடம் பெற்றவரும் அந்த அணியின் ஃப்ரெட் கிர்குரெவ்தான். இறுதியில் ஆரோஸ் இரண்டு ஆட்டங்களையும் வென்று கோப்பையைத் தூக்கியது. அதற்கடுத்த மூன்று பருவங்களிலும் அதை விட்டுக்கொடுக்கவில்லை.

அடுத்த குளிர்காலத்தில் சின்சினாட்டி கிட்ஸ் இல்லை. ஒரே பருவத்தோடு கடையைக் கட்டிவிட்டது. செயின்ட் லூயிஸ், பஃபலோ, டெட்ராய்ட், ஹார்ட்ஃபோர்ட், விச்சிட்டா என ஐந்து ஊர்கள் புதிதாகச் சேர, லீக் பத்து அணிகளாயிற்று. அதே 1979-80 குளிர்காலத்தில் வட அமெரிக்கக் கால்பந்து லீகும் தன் பங்குக்கு ஓர் உள்ளரங்குப் பருவத்தை நடத்தத் தொடங்கியது. ஹூஸ்டன் அணி 1980-இல் பால்டிமோருக்கு இடம்பெயர்ந்து பிளாஸ்ட் என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஆரோஸ் 1984-இல் கலைந்தது. லீக் அதன்பின் எட்டு ஆண்டுகள் ஓடி, 1992 ஜூலையில் மூடப்பட்டது.