பணிக்கர் பார்த்த கணக்கு நோட்டு

1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கிய கே.சி.எஸ். பணிக்கர் என்றதும் நினைவுக்கு வருவது, 1963 வாக்கில் அவர் ஆரம்பித்த ‘சொற்களும் குறியீடுகளும்’ ஓவிய வரிசை. ஜாதகக் கட்டங்கள், ஏடு மாதிரி வரிவரியாக எழுத்து. கிட்டப்போய்ப் பார்த்தால் ஒன்றும் வாசிக்க முடியாது.

அசல் இந்திய மர்மம் என்று தோன்றும், இல்லையா? ஆனா இதற்கு வித்து ஒரு மாணவனின் கணக்கு நோட்டு! அதிலிருந்த எண்களும் ரோமன் எழுத்துகளும்தான் முதலில் படத்தில் வந்தன. மலையாள எழுத்து பிறகு வந்தது.

மேற்கு எதிர்பார்க்கும் கிழக்கை நாமே நடித்துக் காட்டுவதைச் ‘சுய கீழைத்தேயவாதம்’ என்கிறார்கள். 1989-ல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சி ஒன்றின் பெயரே ‘மண்ணின் மந்திரவாதிகள்’. மேற்கல்லாத நாடுகளிலிருந்து சடங்குக் கலைஞர்களையும் நாட்டார் கலைஞர்களையுமே அதிகம் அழைத்தார்கள் என்ற விமர்சனம் அப்போதே எழுந்தது.

பணிக்கர் நடித்தார் என்று நான் சொல்லமாட்டேன். மலையாளம் அவர் மொழி. தன் கண்ணுக்குப் பொருந்துவதைத் தேடினார். என் கேள்வி நம்மைப் பற்றியது. ஏரலில் எங்க வீட்டு பீரோவில் ஜாதகமும் அல்ஜீப்ரா நோட்டும் ஒரே தட்டில்தான் கிடக்கு. இரண்டும் நம்முடையதுதான். வெளிநாட்டுச் சுவரில் மாட்டணும்னா மட்டும் ஏன் நம்ம கை முதலில் ஜாதகத்தை எடுக்குது?