ஒரே ஒரு அத்தியாயம்

போன மாசம் அக்கா பொண்ணுகிட்ட இருந்து ஒரு மெசேஜ். "மாமா, நீங்க பார்ட் டைமா படிக்கிற யுனிவர்சிட்டி லைப்ரரியில இந்தப் புத்தகம் இருக்கா? ஒரே ஒரு அத்தியாயம் ஸ்கேன் பண்ணி அனுப்புங்களேன்." கூடவே புத்தகத்தின் அட்டைப் படம்.

நாங்கள் கொழிஞ்சாம்பாறைக்காரர்கள். அக்காவைக் கட்டிக் கொடுத்தது மூணாறு. மச்சானோட தாத்தா, கங்காணியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு திருநெல்வேலிப் பக்கத்தில் இருந்து மலையேறியவர். பொண்ணு இப்போது சித்தூர்ப் பக்கம் ஹாஸ்டலில் தங்கி எம்.ஏ. வரலாறு படிக்கிறாள். அவள் கேட்ட அத்தியாயம் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் பிடித்த கதை. அதாவது அவளோட கொள்ளுத் தாத்தா கதை.

தேடிப் பார்த்தேன். புத்தகம் இருந்தது. அந்த அத்தியாயம் வேறொரு பாடத்துக்காக ஏற்கனவே ஸ்கேன் செய்தும் வைக்கப்பட்டிருந்தது. ஆனால் அனுப்ப முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

இங்கிலாந்தில் இதற்கு ஒரு முறை உண்டு. ஆசிரியர் தன் பாடத்துக்கான வாசிப்புப் பட்டியலைக் கொடுத்து, புத்தகத்தின் பெயர், பக்க எண்கள், பாடத்தின் குறியீடு, எத்தனை மாணவர்கள் என்று ஒரு படிவம் நிரப்புவார். நூலகம் தன்னிடம் புத்தகம் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லாவிட்டால் யார்க்‌ஷயரில் பாஸ்டன் ஸ்பா என்ற ஊரில் இருக்கும் பிரிட்டிஷ் லைப்ரரி கிளையில் இருந்து உரிமைக் கட்டணம் கட்டி நகல் வாங்கலாம். பதிப்புரிமை உரிமம் அனுமதிப்பது ஒரு அத்தியாயம் அல்லது புத்தகத்தில் 10 விழுக்காடு, இரண்டில் எது அதிகமோ அது. முதல் பக்கத்தில் எச்சரிக்கைத் தாள் ஒட்டி, அந்தப் பாடத்தில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் திறந்து வைப்பார்கள். நான் அதை மூணாறுப் பொண்ணுக்கு அனுப்பினால் விதிமீறல். பொண்ணுகிட்ட இதைச் சொல்ல ரொம்பக் கூச்சமாக இருந்தது.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல் யோசித்தேன். எங்கள் எல்லைப் பகுதியின் வரலாற்றைப் படிக்க ஏன் இத்தனை தூரம் அலைய வேண்டியிருக்கிறது?

இதற்கு விடை பழைய எல்லைக் கோடுகளில் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் பாலக்காடு, மெட்ராஸ் மாகாணத்தின் மலபார் மாவட்டம். பக்கத்திலேயே இருக்கும் சித்தூர் தாலுகா கொச்சி ராஜ்ஜியம். தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூர். 1956 மாநிலச் சீரமைப்பில் எல்லாம் கேரளாவுக்குள் வந்தன. பாலக்காடு மாவட்டம் 1957ல், இடுக்கி மாவட்டம் 1972ல். மாவட்டங்கள் புதிதாக வந்தாலும் காகிதங்கள் பழைய இடத்திலேயே தங்கிவிட்டன. மலபார்க் காகிதங்கள் கோழிக்கோட்டிலும் சென்னையிலும், கொச்சியுடையவை எர்ணாகுளத்தில், திருவிதாங்கூருடையவை திருவனந்தபுரத்தில்.

மூணாறு இன்னும் ஒரு படி மேலே. கண்ணன் தேவன் மலைகளை 1877ல் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடம் இருந்து குத்தகைக்கு எடுத்தவர் ஜான் டேனியல் மன்றோ. பிறகு 1897ல் கண்ணன் தேவன் கம்பெனியை உருவாக்கியது கிளாஸ்கோவின் ஜேம்ஸ் ஃபின்லே. அந்த ஃபின்லே கம்பெனியின் ஆவணங்கள் இன்றைக்கும் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் காப்பகத்தில் இருக்கின்றன. தேயிலை போன வழியிலேயே கணக்குப் புத்தகமும் போய்விட்டது!

பழைய நூல்களுக்கு இப்போது கவலை இல்லை. லோகனின் மலபார் மானுவல் (1887), நாகம் ஐயாவின் திருவிதாங்கூர் மானுவல் (1906), அச்சுத மேனனின் கொச்சி மானுவல் (1911) மூன்றும் உரிமைக் காலம் முடிந்தவை. இணையத்தில் சும்மாவே கிடைக்கும். ஆனால் அவை திவான்களும் கலெக்டர்களும் பார்த்த வரலாறு. கூலி வாங்கியவன் பக்கத்தில் நின்று எழுதிய புத்தகங்கள் பெரும்பாலும் கடந்த சில பத்தாண்டுகளில் வந்தவை. உரிமம், விலை என்ற தொல்லையெல்லாம் இவற்றுக்குத்தான்.

இங்கேதான் டெல்லிக் கதை வருகிறது. டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் வளாகத்தில் ராமேஸ்வரி என்று ஒரு ஜெராக்ஸ் கடை. பாடத்துக்கு வேண்டிய அத்தியாயங்களைச் சேர்த்துக் கட்டாக்கி விற்றது. 2012ல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் மூன்று பதிப்பகங்களும் கடை மேலும் பல்கலைக்கழகத்தின் மேலும் வழக்குப் போட்டன. 2016 செப்டம்பர் 16ல் நீதிபதி ராஜீவ் சஹாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். தான் சட்டம் படித்த காலத்தில் மாணவர்கள் முறை வைத்து நூலகத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகக் கையால் எழுதினார்கள், அன்று தப்பில்லாதது இயந்திரம் வந்ததால் தப்பாகிவிடாது என்பது அவர் வாதத்தின் சாரம். அந்த டிசம்பரில் மேல்முறையீட்டு அமர்வு, பாடத்துக்குத் தேவையான அளவா என்பதுதான் கேள்வி, இத்தனை சதவீதம் என்ற கணக்கு இல்லை என்றது. எது தேவை என்பதை விசாரித்துப் பார்க்கலாம் என்றது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கையே விலக்கிக்கொண்டன.

ஆக, பாடம் நடத்தும்போது ஆசிரியரோ மாணவரோ நகல் எடுப்பதில் நம்மூர்ச் சட்டம் (பிரிவு 52) இங்கிலாந்தின் உரிமத்தை விடத் தாராளம். இந்தியாவில் விற்பனைக்குக் கிடைக்காத புத்தகம் என்றால், பொது நூலகம் தன் உபயோகத்துக்கு மூன்று பிரதி வரை எடுத்துக்கொள்ளவும் அதே பிரிவு இடம் கொடுக்கிறது. இங்கே சட்டம் இறுக்கம், ஆனால் படிவம் நிரப்பினால் ஸ்கேன் வந்துவிடுகிறது. அங்கே சட்டம் தாராளம், கேட்கிற பழக்கம்தான் இல்லை. நான் படித்த காலத்தில் நூலகர் மேஜை முன் நிற்கவே பயப்படுவோம்.

பொண்ணுக்கு இதைத்தான் எழுதினேன். "நான் அனுப்ப முடியாது கண்ணு. ஆனா உங்க மேடம் எழுத்துல கேட்டா, புத்தகம் இருக்கிற லைப்ரரி கொடுக்கலாம். புத்தகம் பேரு, பக்க எண், எந்தப் பேப்பருக்குன்னு தெளிவா எழுதச் சொல்லு." கூடவே இன்னொரு தகவலும். பீர்மேடு தோட்டத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த ஜெயசீலன் ராஜ் எழுதிய தோட்ட நெருக்கடி பற்றிய நூலை லண்டன் யூசிஎல் பதிப்பகம் 2022ல் வெளியிட்டது. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். அதற்கு யார் அனுமதியும் தேவையில்லை.

மேடம் கடிதம் எழுதினார். இரண்டு முறை நினைவூட்ட வேண்டியிருந்ததாம். நேற்று பிடிஎஃப் வந்துவிட்டது. கொஞ்சம் கோணல், ஒரு பக்கத்தின் ஓரத்தில் யாரோ ஒருவரின் கட்டைவிரல். பொண்ணு அதை அவள் அப்பாவுக்குத் தமிழில் சொல்லிச் சொல்லிப் படித்திருக்கிறாள். முன்பணக் கணக்கு வருகிற இடத்தில் மச்சான் நிறுத்தச் சொன்னாராம்.

"தாத்தா சாகிறவரைக்கும் அந்தக் கடன் எவ்வளவுன்னே அவருக்குத் தெரியாதும்மா" என்றாராம்.