மேலிருந்து விழுவது உமி: காடையும் குருவியும் வாழ்ந்த கூண்டின் மலையக வரலாறு

கம்பிவலை அடித்த பெரிய கூண்டொன்றில் மேலே சிறு குருவிகளையும் கீழே தரையில் காடைகளையும் சேர்த்து வளர்ப்பது இன்று பல நாடுகளில் பரவியுள்ள பொழுதுபோக்கு. லண்டனிலும் சிட்னியிலும் ரொறன்ரோவிலும் வாழும் நம்மவர் சிலருக்கும் இதில் ஈடுபாடு உண்டு. அவர்கள் கடையில் விலைகொடுத்து வாங்கும் அந்த இரு பறவைகளின் உறவினர் டிக்கோயாவைச் சூழ்ந்த மலைகளின் புல்வெளிகளில் அருகருகே வாழ்ந்தவை என்பதை எத்தனை பேர் அறிவார்கள்?

முதலில் காடையைப் பார்ப்போம். கூண்டு வளர்ப்போர் சீன வர்ணக் காடை என்றழைப்பது கைக்குள் அடங்கிவிடும் சிறு பறவை. ஆணின் மார்பு நீலச் சாம்பல், வயிறு செங்கபிலம், தொண்டையில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு கோலம். 1766ஆம் ஆண்டில் லின்னேயஸ் சீனத்தின் பெயரால் அதற்கு அறிவியற் பெயரிட்டார். பெயர்தான் சீனமே தவிர, இந்தியா, இலங்கை முதல் ஆஸ்திரேலியா வரை அது இயற்கையாக வாழ்கிறது. இலங்கையில் ஈரவலயத் தாழ்நிலங்களும் மலைநாட்டுப் புல்வெளிகளும் அதன் இருப்பிடங்கள்.

அடுத்தது குருவி. கூண்டுகளில் மிகுதியாகக் காணப்படும் பெங்காலீஸ் ஃபிஞ்ச் என்ற பறவையின் பெயரில் வங்காளம் இருக்கிறது. ஆனால் அதை உருவாக்கியவர்கள் ஜப்பானியர். சீனத்திலிருந்து கொண்டுவரப்பட்ட வெண்முதுகுச் சில்லைகளை ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகளாகக் கூண்டில் பெருக்கி அவர்கள் இந்த வளர்ப்பினத்தைப் பெற்றார்கள். வெண்முதுகுச் சில்லையின் மற்றொரு கிளை நமது மலைகளிலும் வாழ்கிறது. தோட்டத்துச் சிறுவர்கள் அதைத் தினைக்குருவி என்பார்கள். காட்டுச் சில்லையின் பாட்டைவிட வளர்ப்புப் பறவையின் பாட்டு சிக்கலானது என்பதை ஜப்பானிய ஆய்வாளர் கசுவோ ஒகனோயா நிறுவியிருக்கிறார். பகைக்கு அஞ்சாத வாழ்க்கை பாட்டை வளர்த்ததோ என்பது அந்த ஆய்வுகள் எழுப்பிய சுவையான கேள்வி.

காடையைப் பிடித்து வளர்ப்பது தமிழர்க்குப் புதிதன்று. சங்கத் தமிழில் அதன் பெயர் குறும்பூழ். கோழிப்போர் போலவே குறும்பூழ்ப் போரும் நடந்ததைக் கலித்தொகையின் மருதக்கலி காட்டுகிறது. காடைப் போர் பார்க்கப் போயிருந்ததாகத் தலைவன் சொல்லும் சமாதானத்தைத் தலைவி நம்ப மறுக்கும் காட்சி அதில் வருகிறது. ஆனால் சண்டைக்கன்றி, அழகுக்காகப் பல பறவைகளை ஒரே கூண்டில் அடைத்துப் பார்க்கும் வழக்கம் நம் மலைகளுக்கு வந்தது வெள்ளைத் துரைமாரின் காலத்தில்.

அந்தக் காலத்தைச் சற்று நினைவுகூர்தல் நலம். 1860களிலும் 1870களிலும் டிக்கோயாவின் காடுகள் கோப்பிக்காக அழிக்கப்பட்டன. 1869இல் மடுல்சீமையில் முதன்முதலாகக் காணப்பட்ட இலைநோய் கோப்பியை வீழ்த்த, அதே மலைகளில் தேயிலை ஏறியது. 1878இல் டிக்கோயாவில் வோர்லி தேவாலயம் எழுந்தது. 1884இல் புகைவண்டி ஹட்டனை எட்டியது. மலையை வெட்டித் திருத்திய தமிழ்த் தொழிலாளர் லயங்களிலும், துரைமார் குன்றின்மேல் பூந்தோட்டம் சூழ்ந்த பங்களாக்களிலுமாக மலையக வாழ்க்கை இரு தளங்களில் அமைந்தது.

இதே தசாப்தங்களில்தான் இலங்கைப் பறவைகள் நூலேறின. இலங்கையிற் பிறந்த மருத்துவர் எட்வர்ட் கெலார்ட் 1852இலேயே இலங்கை விலங்குகள் பற்றிய தமது நூலை வெளியிட்டிருந்தார். அவருடைய பெயரைத் தாங்கிய மலைச் சில்லையை 1863இல் வர்ணித்தவர் சென்னை இராணுவத்தில் மருத்துவராயிருந்த ஜேர்டன். பீரங்கிப் படை அதிகாரியான வின்சென்ட் லெக் 1878 முதல் 1880 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட இலங்கைப் பறவைகளின் வரலாறு இன்றும் பெருநூலாகவே மதிக்கப்படுகிறது. பின்னர் 1955இல் தம் கையாலேயே படங்களும் வரைந்து இலங்கைப் பறவைகளுக்கு வழிகாட்டி எழுதிய ஜி. எம். ஹென்றி, 1891இல் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றிலேயே பிறந்தவர்.

ஐரோப்பாவில் கூண்டுப் பறவை வளர்ப்பு ஒரு துறையாக வளர்ந்ததும் அப்போதுதான். கார்ல் ருஸ் 1872இல் ஜெர்மனியில் இதற்கெனவே ஓர் இதழைத் தொடங்கினார். இங்கிலாந்தில் 1894இல் பறவை வளர்ப்போர் சங்கம் அமைந்தது. ஆஸ்திரேலியாவின் ஸீப்ரா ஃபிஞ்ச் குருவிகள் பெருந்தொகையாக ஏற்றுமதியாயின. அந்நாட்டிலிருந்து ஐரோப்பா சென்ற நீராவிக் கப்பல்கள் கொழும்பில் நின்று சென்றன. 1960இல் ஆஸ்திரேலியா தன் பறவைகளை ஏற்றுமதி செய்வதைத் தடைசெய்தது. எனவே இன்று உலகக் கூண்டுகளிலுள்ள ஸீப்ரா ஃபிஞ்சுகள் பெரும்பாலும் கூண்டிலேயே தலைமுறை தலைமுறையாகப் பிறந்தவை.

நான் சிறுவனாயிருந்த காலத்தில் டிக்கோயாப் பகுதித் தோட்டமொன்றின் பங்களா வளவில் அத்தகைய கூண்டொன்று இருந்தது. துரை மாறினாலும் கூண்டு மாறவில்லை. அதைக் கூட்டித் துடைத்தவர் எங்கள் லயத்து முதியவர் ஒருவர். பட்டுப்போன தேயிலைக் கட்டைகளை உடைத்துக் கறையான் திரட்டிக் கொடுப்பது எங்களைப் போன்ற சிறுவர்களின் வேலை. காடைக்குஞ்சுக்குத் தானியம் போதாது, உயிருள்ள தீனி வேண்டும் என்பதை நான் முதலில் அறிந்தது அவரிடந்தான். புத்தகத்தில் படித்தது பல ஆண்டுகளின் பின்னர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென எழுதியது. அந்த எண்ணிக்கைக்குள் அவரும் அடங்கி, 1970களில் தலைமன்னாரில் கப்பலேறினார். அவர் போன சில மாதங்களில் கூண்டின் தளத்தில் ஒரு காடையும் மிஞ்சவில்லை. குருவிகள் மட்டும் இன்னும் சில காலம் இருந்தன.

ஏன் காடைகள் முதலில் மடிந்தன? கூண்டு வளர்ப்பின் வரலாறு நெடுகிலும் வந்த ஒரு தவறான நம்பிக்கையில் இதற்கு விடை இருக்கிறது. மேலேயுள்ள குருவிகள் சிந்துவதைக் கீழேயுள்ள காடைகள் பொறுக்கித் தின்று கூண்டையும் துப்புரவாக வைத்திருக்கும், அவற்றுக்குத் தனிச் செலவில்லை என்பதே அந்த நம்பிக்கை. உண்மை என்ன? குருவி விதையை அலகில் உருட்டி உமியை நீக்கிப் பருப்பை விழுங்கிவிடுகிறது. கீழே விழுவதில் பெரும்பகுதி உமி. அதனுடன் எச்சமும் விழுகிறது. மழைக்காலத்தில் உமி நனைந்து பூஞ்சணம் பிடிக்கும். ஈரத்தில் குடல்நோய்க் கிருமிகள் பெருகும். வைகாசி தொடங்கித் தென்மேல் பருவமழை மாதக்கணக்காகப் பொழியும் டிக்கோயாவில் இது எத்தகைய ஆபத்து என்பதை விளக்கவேண்டியதில்லை. நோயைத் தரையில் நின்று முதலில் வாங்குவது காடைதான்.

தீனியின் தரமும் வேறு. வளரும் காடைக்குஞ்சின் தீனியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு புரதம் வேண்டும். குருவிக்கிடும் தினையில் அதில் பாதியளவே உண்டு. ஆகவே காடைக்குத் தரையிலே தனித்தட்டில், பொடியாக்கிய குஞ்சுத் தீனியும் புழு பூச்சியும் வைக்கவேண்டும். குளிப்பதற்கு உலர்ந்த மணலும் ஒளிந்துகொள்ளப் புற்செடியும் வேண்டும். குருவிகள் அமரும் கிளைகளுக்கு நேர்கீழே தீனியோ தண்ணீரோ வைக்கலாகாது.

கூரையைப் பற்றியும் சொல்லவேண்டும். காடை நடந்து வாழும் பறவை. ஆனால் திடுக்கிட்டால் நிலத்திலிருந்து செங்குத்தாக எழும். புல்வெளியில் நரியிடமிருந்தும் பாம்பிடமிருந்தும் அதன் உயிரைக் காப்பது இந்தப் பாய்ச்சலே. கூண்டுக்குள் அதே பாய்ச்சல் தலையைக் கம்பியில் மோதவைத்துக் கொன்றுவிடும். இரவில் பூனையோ மின்னலோ போதும். எனவே பட்டறிவுள்ளவர்கள் கூரையின் கீழே மென்மையான வலையொன்றைக் கட்டுகிறார்கள்.

குஞ்சுகள் மேலும் நுண்ணியவை. 16 அல்லது 17 நாளில் பொரிந்து வரும் குஞ்சு வண்டளவே இருக்கும். சாதாரணக் கம்பிவலையின் கண்ணூடே அது வெளியேறிக் குளிரில் விறைத்துவிடும். தண்ணீர்த் தட்டில் சிறு கற்களை நிரப்பாவிட்டால் அதிலேயே மூழ்கும். ஒரு கூண்டுக்கு ஒரு சோடிக் காடையே தகும். இரண்டு ஆண்கள் இருந்தால் குறும்பூழ்ப் போர் மருதக்கலியோடு முடிந்துவிடவில்லை என்பது தெரியவரும். இறைச்சிக்கும் முட்டைக்கும் வளர்க்கும் ஜப்பானியக் காடை பருத்த பறவை. சிறு குருவிகளோடு அடைக்க ஏற்றதன்று.

மேலிருந்து சிந்துவதைக் கொண்டு கீழிருப்பவர் வாழ்ந்துகொள்வர் என்ற எண்ணம் கூண்டோடு நிற்கவில்லை என்பதை மலையக வரலாறு படித்தோர் அறிவார்கள். தோட்டத்தில் அரிசி முன்கூட்டியே கொடுக்கப்பட்டுச் சம்பளத்திலிருந்து கழிக்கப்பட்டது. துண்டு முறையின் கடன்பளு 1921இல்தான் சட்டப்படி நீங்கியது. குறைந்தபட்ச வேதனத்துக்கு 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வரவேண்டியிருந்தது. தேயிலையின் முதற் சாகுபடி தொடங்கி அறுபது ஆண்டுகள் சென்றபின் வந்த சட்டம் அது! மனிதரைப் பறவையோடு ஒப்பிடுவது எனது நோக்கமன்று. பங்களா வளவின் கூண்டையும் தோட்டத்தின் கணக்குப் புத்தகத்தையும் ஒரே கை நிருவகித்தது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

காட்டில் அந்தப் பறவைகளின் நிலை என்ன? வெண்முதுகுச் சில்லை இன்றும் பரவலாக உண்டு. நீலமார்புக் காடையோ இலங்கையில் அரிதாகிவிட்டது. அதற்கு வேண்டியது ஈரமான புல்வெளி. மலையில் அத்தகைய இடம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. பழைய தேயிலையைப் பிடுங்கிய மலையில் புதுக் கன்று நடுமுன் மண்ணைத் தேற்ற, ஏறத்தாழ இரண்டாண்டுகள் மானாப்புல்லோ குவாட்டமாலாப் புல்லோ வளர்க்கும் முறை உண்டு. அந்தப் புல் கதிர் விடும் நாட்களில் சில்லைகள் கூட்டமாக இறங்குவதை நான் கண்டிருக்கிறேன். காடை எழுந்து பறக்கக் கண்டதில்லை. இரண்டாண்டுப் புல் தற்காலிகக் குடியிருப்பு. தரையிற் கூடு கட்டும் பறவைக்கு நிலையான நிலம் வேண்டும்.

காட்டுப் பறவையைப் பிடித்து அடைப்பதற்கு இன்று சட்டமும் இடந்தராது. இலங்கையில் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் பெரும்பாலான காட்டுப் பறவைகளைக் காக்கின்றன. இந்தியாவில் 1991இன் திருத்தம் உள்நாட்டுப் பறவைகளின் வணிகத்தை நிறுத்தியது. வளர்க்க விரும்புவோர் கூண்டிலே பிறந்த பறவைகளையே நாடவேண்டும்.

அப்படி நாடுவோர் இரண்டு கணக்குப் போடட்டும்: மேல்தளத்துக்கு ஒன்று, கீழ்த்தளத்துக்கு ஒன்று. இரண்டுக்கும் தனித்தனித் தீனி, தனித்தனி உறைவிடம். அந்தச் செலவுக்கு இயலாதென்றால் குருவிகளை மட்டும் வளர்ப்பது நல்லது; தரையைத் துப்புரவு செய்ய விளக்குமாறு இருக்கிறது.