அறுவைப் பேறும் பின்வலியும்

மகப்பேற்று மருத்துவ வரலாற்றில் பேற்றுவலி பெற்ற கவனத்தை, வயிறு கீறியபின் எழும் வலி நெடுங்காலம் பெறவில்லை. சுசுருத சங்கிதை வயிற்றைக் கீறிச் சிசுவை எடுப்பதை இறந்த தாய்க்கே கூறுதலின், ஆங்குப் பின்வலி என்னும் வினாவே எழவில்லை. சென்னையில் 1844இல் மகப்பேற்று மருத்துவமனை தோன்றி மூன்றாண்டுகள் கழிந்தே, எடின்பரோவில் சிம்சன் குளோரோபாமை மகப்பேற்றில் கையாண்டார். அது கத்தியின் வலியை மறைத்தது. விழித்தபின் வரும் வலியை அன்று. அதற்கு மார்பினே துணையாயிற்று. தண்டுவட உறைக்குள் அதனைச் செலுத்தும் முறை 1979இல் வெளிவந்தபின், மிகச் சிற்றளவே ஏறத்தாழ ஒருநாள் வலியைத் தணிக்கலாயிற்று. இன்று உடன் பாரசிட்டமாலும் அழற்சி தணிக்கும் மருந்தும் வேளைதோறும் தரப்படுகின்றன. தாய் எழுந்து நடக்கவும் பாலூட்டவும் இவை இன்றியமையாதன. ஆயின், அபினி விளையும் இந்தியாவிலேயே 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் மார்பினை மருத்துவமனைகளுக்கு அரிதாக்கியது முரணே. உரிம நடைமுறை எளிதாக 2014ஆம் ஆண்டுத் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.